ஆடு மேய்த்த மந்திரவாதி: ஒரு கற்பனை உலகத்தை வாசிப்பது எப்படி

ஏழு வயதுப் பையன். பிறந்து ஒரு வருடம் ஆவதற்குள் தாய் போய்விட்டாள். தகப்பன் வெண்கலக் கொல்லன், வாய் திறந்து பேசாத ஆள். ஆடு ஒன்று கூரைமேல் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று நிற்கிறது. பையனுடைய தாயுடன் பிறந்தவள் ஏதோ இரண்டு வரியைச் சொல்லிக் கூப்பிட, அது குதித்து இறங்கி வந்துவிடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், மறுநாள் மேய்ச்சலுக்குப் போன இடத்தில், பொருள் தெரியாமலேயே அந்த வரிகளை உரக்கச் சொல்கிறான். ஆடுகள் வருகின்றன. எல்லா ஆடுகளும் வருகின்றன, ஒன்றுகூடக் கத்தாமல். மஞ்சள் கண்ணின் கறுத்த கீற்று வழியாக அவனையே பார்க்கின்றன. அவனுக்குச் சிரிப்பு. இன்னொரு முறை சொல்கிறான். முட்டி மோதிக்கொண்டு இன்னும் நெருங்குகின்றன. இப்போது பயம் வந்துவிட்டது. ஓடுகிறான், மந்தையும் அவனை நடுவில் வைத்தபடி கூடவே ஓடுகிறது. ஊருக்குள் வந்ததும் ஜனங்கள் ஆடுகளைத் திட்டுகிறார்கள், பையனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1968-ல் எழுதிய 'எ விஸர்ட் ஆஃப் எர்த்சீ' நாவலின் முதல் சில பக்கங்களில் இந்தக் காட்சி வருகிறது. மந்திரக்கோல் இல்லை, மின்னல் இல்லை, ஆடுதான். ஆனால் அந்த உலகத்தின் சட்டங்களில் மூன்று இதற்குள்ளேயே வந்துவிட்டன. சொல்லுக்குச் சக்தி உண்டு. பொருள் தெரியாதவன் சொன்னாலும் அது வேலை செய்யும். ஆரம்பித்தவனால் அதை நிறுத்த முடியாமல் போகலாம். பிற்பாடு இதே பையன் வளர்ந்து, கர்வத்தில் சொல்லக் கூடாத ஒரு சொல்லைச் சொல்லி, பெயரில்லாத ஒரு நிழலை உலகத்துக்குள் விட்டுவிடுகிறான். அது அவனைத் துரத்துகிறது. நாவல் முழுக்க நடப்பது அந்த ஆட்டுக் கதைதான், அளவுதான் வேறு.

மிகுபுனைவு, அதாவது ஃபேண்டஸி, வாசிக்கத் தொடங்குகிறவர்கள் பலரும் இந்த இடத்தைத்தான் தவறவிடுகிறார்கள். நானும் தவறவிட்டேன். டிராகன் எப்போது வரும் என்று பக்கம் தள்ளிக்கொண்டே போய், பாதியில் சலித்துப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். சில வருடம் கழித்து எடுத்தபோதுதான், அதிசயங்களை எண்ணிக்கொண்டு போவது இந்த வகை எழுத்தை வாசிக்கும் முறையே அல்ல என்று புரிந்தது.

சரி, கற்பனை உலகம் என்று எதைச் சொல்கிறோம்? ஆங்கில எழுத்தாளரும் மொழியியல் பேராசிரியருமான டோல்கீன் 1939-ல் ஓர் உரை நிகழ்த்தினார். நாம் வாழ்வது முதல் உலகம், எழுத்தாளன் உண்டாக்குவது இரண்டாம் உலகம் என்று அதில் பிரித்துச் சொன்னார். உள்ளே இருக்கும்வரை அந்த இரண்டாம் உலகத்தை நாம் நம்புகிறோம். 'இது பொய்தான், கொஞ்சம் பொறுத்துக்கொள்வோம்' என்று மனத்தைச் சமாதானப்படுத்த வேண்டிய நிலை வந்தால் அங்கேயே வித்தை கெட்டுவிட்டது, நாம் வெளியே வந்துவிட்டோம் என்று பொருள். அதே உரையில் அவர் சொன்ன ஓர் உதாரணம் எனக்குப் பிடிக்கும்: பச்சைச் சூரியன். பச்சைச் சூரியன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், மொழி அதற்கு இடம் கொடுக்கும். ஆனால் சூரியன் பச்சையாக இருப்பது இயல்புதானே என்று வாசகர் நினைக்கும்படி ஓர் உலகத்தை அமைப்பதற்கு உழைப்பு வேண்டும். அந்தச் சூரியனின் கீழ் நிழல் என்ன நிறம், பயிர் எப்படி விளையும், அங்கே பிறந்த குழந்தை எந்த நிறத்தைப் பார்த்துப் பயப்படும் என்றெல்லாம் யோசிக்க வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள நம் கையில் ஏற்கெனவே ஒரு நல்ல கருவி இருக்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்து, தேர்வோடு மறந்துபோன முதல், கரு, உரி. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம் கருப்பொருள். அங்கே நிகழும் மன உணர்வு உரிப்பொருள். தொல்காப்பியம் இதை அகப்பாடல்களுக்காகச் சொன்னது. மிகுபுனைவு நாவலுக்கு அது இலக்கணம் எழுதவில்லை. ஆனாலும் இப்படி வைத்துப் பார்த்தால் நிறைய விளங்கும். நெய்தல் நிலத்தில் இரங்கல் ஏன் நடக்கிறது? கடலுக்குப் போனவன் வரவில்லை, கரையில் நிற்கிறவளுக்கு அலைதான் துணை. நிலத்தை மாற்றினால் அந்த உணர்வின் ருசியே மாறிவிடும். நல்ல கற்பனை உலகமும் அப்படித்தான். அங்கே நடக்கும் துக்கம் அந்த மண்ணில் மட்டுமே நடக்கக் கூடியதாக இருக்கும்.

எர்த்சீக்கு வருவோம். நாவலை எழுத உட்கார்ந்தபோது லெ குவின் முதலில் செய்த காரியம் வரைபடம் வரைந்ததுதான். நடுவில் பெரிய தீவுகள், சுற்றிலும் சிதறிய நூற்றுக்கணக்கான சின்னத் தீவுகள், மற்றதெல்லாம் கடல். கண்டமே கிடையாது. தீவுகளுக்கு அவரே பெயர் வைத்தார். அவற்றில் மூன்று குட்டித் தீவுகளுக்கு, தன் குழந்தைகளை வீட்டில் கூப்பிட்ட செல்லப் பெயர்களையே வைத்ததாகப் பிறகு ஒரு கட்டுரையில் ஒத்துக்கொண்டார். உலகத்தையே உண்டாக்குகிறவருக்கு அந்த அளவு குறும்புக்கு உரிமை உண்டு.

நிலம் தீவுக்கூட்டம் என்று முடிவானதும் மற்றவை தாமாகவே வரிசையாக வருகின்றன. ஊருக்கு ஊர் பயணம் என்றால் படகு. படகு என்றால் காற்று. ஆகவே அந்த ஊர் மந்திரவாதிகளின் அன்றாடப் பிழைப்பே காற்றை அழைப்பது, மழையைத் தள்ளிப்போடுவது, ஓட்டை விழுந்த படகை மூழ்காமல் கட்டிக்காப்பது. கதாநாயகனுக்கு முதலில் கிடைக்கும் வேலையும் ஒரு மீனவத் தீவில்தான். அங்கே அவனுக்கு நண்பனாகிறவன் படகு கட்டுகிறவன். இதெல்லாம் கருப்பொருள். வாளும் கோட்டையும் இருந்தால் ஃபேண்டஸி ஆகிவிடும் என்று நினைத்து எழுதப்படும் எத்தனையோ புத்தகங்களில் மந்திரவாதி சாப்பாட்டுக்கு என்ன செய்கிறான் என்றே தெரியாது.

கதாநாயகனின் பெயர் கெட். தமிழில் எழுதினால் கெட்டுப்போனவன் மாதிரி இருக்கிறது, என்ன செய்வது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஊரில் யாரும் அவனை அப்படிக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிடவும் கூடாது. அதுதான் எர்த்சீயின் அச்சாணி. கல், அலை, பருந்து, மனிதன் என்று எல்லாவற்றுக்கும் உலகம் உண்டானபோது வழங்கிய ஆதிமொழியில் ஒரு மெய்ப்பெயர் இருக்கிறது. அதை அறிந்தவன் அந்தப் பொருளை ஆளலாம். ஆகவே மனிதர்கள் தங்கள் மெய்ப்பெயரை ஒளித்து வைத்துக்கொண்டு, ஊர் கூப்பிடுவதற்கென்று வேறொரு பெயரோடு உலவுகிறார்கள். கெட்டுக்கு ஊர்ப்பெயர் வல்லூறு. சின்ன வயதில் வேட்டைப் பறவைகளை அழைத்துக் கையில் உட்கார வைத்துக்கொண்டதால் கூட விளையாடிய பிள்ளைகள் வைத்த பெயர்.

சட்டம் புரிந்துவிட்டதா? இப்போது அந்தச் சட்டம் என்ன செய்கிறது என்று பாருங்கள். ரோக் என்ற தீவில் மந்திரவாதிகளுக்கான பள்ளி. அங்கேதான் கெட் அந்த நிழலை அவிழ்த்துவிடுகிறான். அவனைக் காப்பாற்றப் போன தலைமை ஆசான் இறந்துபோகிறார். கெட்டின் முகத்தில் ஆறாத தழும்பு, பேச்சு திக்குகிறது, மாதக்கணக்கில் படுக்கை. எழுந்து நடமாடத் தொடங்கியபோது அவனுக்குத் தன்மேலேயே நம்பிக்கை இல்லை. அப்போது வெட்ச் என்ற நண்பன் படிப்பை முடித்து ஊருக்குக் கிளம்புகிறான். விடைபெறும்போது சொல்கிறான்: எப்போதாவது நான் தேவைப்பட்டால் எஸ்டாரியோல் என்று கூப்பிடு.

அவ்வளவுதான். நம் உலகத்தில் இது ஒன்றுமே இல்லை. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூடப் பெயர் சொல்லிவிடுகிறோம். எர்த்சீயில் அவன் தன் உயிரை எடுத்து நண்பனின் கையில் வைத்திருக்கிறான். அதுவும் பெரும் தவறு செய்து கூனிக்குறுகி நிற்கிறவனிடம். கெட் பதிலுக்குத் தன் பெயரைச் சொல்கிறான். கட்டிப்பிடிப்பது, கண்ணீர் எதுவும் தேவைப்படவில்லை. முன்னாலேயே ஒரு சட்டத்தைப் போட்டு வைத்திருப்பதால் ஒரே ஒரு சொல் இவ்வளவு பாரத்தைத் தாங்குகிறது. உரிப்பொருள் என்று நான் சொல்வது இதைத்தான். கற்பனை உலகத்தை ரசிப்பது என்றால் என்ன என்று யாராவது ஒரே ஓர் இடத்தைக் காட்டச் சொன்னால் நான் இந்தப் பக்கத்தைக் காட்டுவேன்.

இன்னொரு விஷயம், முடியாதவை. ஒரு கற்பனை உலகத்தில் என்னென்ன முடியும் என்பதைவிட என்னென்ன முடியாது என்று கவனிப்பது பயன் தரும். எல்லாம் முடிந்தால் கதையே கிடையாது. எர்த்சீயில் மெய்ப்பெயர் தெரிந்தால் ஆளலாம், சரி. அப்படியானால் கடலையே ஆளலாமே? முடியாது. ரோக் பள்ளியில் பெயர்களைக் கற்றுத்தரும் ஆசான் தனியாக ஒரு கோபுரத்தில் இருக்கிறார். மாணவர்கள் அங்கே உட்கார்ந்து பட்டியல் பட்டியலாகப் பெயர்களை உருப்போட வேண்டும். ஒரு தீவின் கரையிலுள்ள ஒவ்வொரு முனை, குடா, கால்வாய், பாறைக்கும் தனித்தனிப் பெயர். நள்ளிரவில் மை மறைந்து தாள் வெறுமையாகிவிடும், அதற்குள் படித்தாக வேண்டும். கடல் முழுவதற்கும் மந்திரம் போட விரும்புகிறவன், கடல் என்ற ஒரு பெயரைச் சொன்னால் போதாது. எல்லாத் தீவுகளையும் தாண்டி, பெயர்களே நின்றுபோகும் இடம்வரை ஒவ்வொரு துண்டின் பெயரையும் சொல்லியாக வேண்டும். ஒரு ஆயுள் போதாது. மந்திரத்துக்கு எல்லை கட்டுவது எந்தத் தடையுத்தரவும் அல்ல, படிப்பின் அளவுதான். எனக்கு இது மிகப் பெரிய கற்பனையாகத் தோன்றுகிறது. டிராகனை யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள்.

பசி விஷயத்திலும் இதே கறார். பிற்பகுதியில் வெட்சின் தங்கை ஒரு கேள்வி கேட்கிறாள். பயணத்துக்கு ஏன் இவ்வளவு சாப்பாடு கட்டிக்கொள்கிறீர்கள், ஒரு சொல்லைச் சொன்னால் பணியாரம் வந்துவிடாதா என்று. வரும், வாசனைகூட இருக்கும், ஆனால் அது சொல்தான், வயிற்றை ஏமாற்றுமே தவிர உடம்பில் ஒட்டாது என்று பதில். சிரித்துக்கொண்டே சொல்லப்படும் இந்த இடத்தில் மாயத்தோற்றத்துக்கும் உண்மையான மாற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் வந்துவிடுகிறது. ஒரு கூழாங்கல்லை வைரமாகக் காட்டலாம். அதை வைரமாகவே ஆக்கினால் உலகத்தின் ஒரு பகுதியை மாற்றியதாகும், அதன் விளைவு எங்கோ போய் விழும். இங்கே பெய்வித்த மழை வேறொரு தீவில் வறட்சியாகலாம். இந்தச் சமநிலைக் கருத்துக்குப் பின்னால் லெ குவினுக்குப் பழைய சீனத்துத் தாவோ சிந்தனைமீது இருந்த ஈடுபாடு உண்டு. லாவோட்சுவின் நூலைத் தன் நடையில் ஆங்கிலத்தில் தந்து 1997-ல் வெளியிட்டவர் அவர். மானுடவியலாளரான ஆல்ஃபிரட் க்ரோபரின் மகள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். மனிதர்கள் எத்தனை விதமாக வாழ முடியும் என்பது வீட்டுப் பேச்சாக இருந்த இடத்தில் வளர்ந்தவர்.

நான் முதல் வாசிப்பில் சலித்து மூடியது எந்த இடத்தில் என்றும் சொல்லிவிடுகிறேன். கெட்டின் முதல் குரு ஓகியன். நிலநடுக்கத்தையே அடக்கியவர் என்று பேர். அவரோடு கிளம்பிய பையன் இன்றைக்கு வித்தை, நாளைக்கு வித்தை என்று காத்திருக்கிறான். அவரோ நடக்கிறார், பேசுவதில்லை. மழை வருகிறது. சாதாரண மழைமந்திரக்காரன்கூட மேகத்தைத் தள்ளிவிடுவான். ஓகியன் ஒரு மரத்தடியில் படுத்துத் தூங்கிவிடுகிறார். பையன் புதரில் சுருண்டு நனைந்துகொண்டு, இவருடைய சக்தியால் என்ன பிரயோசனம் என்று புழுங்குகிறான். வழியில் ஒரு பூண்டைக் காட்டி, இதனால் என்ன பயன் என்று கேட்கிறான். எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை என்கிறார். எல்லாப் பருவத்திலும் அதன் வேரையும் இலையையும் பூவையும் பார்த்து, வாசனை பிடித்து, விதையை அறிந்தால்தான் அதன் மெய்ப்பெயரைக் கற்க முடியும் என்கிறார்.

நானும் அந்தப் பையனைப் போலவே புழுங்கிப் புத்தகத்தை மூடினேன். ஆசிரியர் வைத்த பொறியே அதுதான் என்று அப்போது தெரியவில்லை. வாசகரும் அவசரப்பட வேண்டும். கெட்டோடு சேர்ந்து தப்புச் செய்ய வேண்டும். ஓகியனை நிதானமாக வாசித்தவருக்கு ரோக் மலையில் நடக்கப்போவது முன்பே தெரிந்துவிடும்.

அப்புறம் மொழிநடை. 1973-ல் வெளியான ஒரு கட்டுரையில் லெ குவின் வேறொருவரின் மிகுபுனைவிலிருந்து ஒரு சிறு பகுதியை எடுத்து, நான்கு சொற்களை மட்டும் மாற்றிக் காட்டினார். மாயநாட்டுப் பிரபுக்களின் உரையாடல் அப்படியே வாஷிங்டன் அரசியல்வாதிகளின் பேச்சாகிவிட்டது. பெயரையும் ஊரையும் மாற்றினால் ஓர் உலகம் இன்னொன்றாகிவிடுமானால் முதலிலிருந்தே அங்கே உலகம் இல்லை என்பது அவர் வாதம். இதை நீங்களும் செய்து பார்க்கலாம், நல்ல பொழுதுபோக்கு. கையிலிருக்கும் எந்த நாவலிலிருந்தாவது ஒரு பக்கத்தை எடுத்து, மந்திரவாதி என்ற இடத்தில் மேலாளர், அரண்மனை என்ற இடத்தில் அலுவலகம் என்று போட்டுப் படியுங்கள். பொருந்திவிட்டால் அந்தப் புத்தகத்தைப் பற்றி நீங்களே ஒரு முடிவுக்கு வரலாம். வெட்ச் பெயர் சொல்லும் காட்சியில் இதைச் செய்தால் ஒன்றும் மிஞ்சாது.

மற்ற எழுத்தாளர்களின் உலகங்களுக்கு வேறு வாசல்கள். டோல்கீனுக்கு மொழிதான் முதல். அதைப் பேசுவதற்காக மக்களும், அவர்கள் வாழ்வதற்காக நிலமும் பிறகு வந்தன. டெர்ரி ப்ராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் 1983-ல் தொடங்கி 41 நாவல்கள்வரை போனது. ஆமைமேல் நான்கு யானை, யானைமேல் தட்டையான உலகம் என்று பகடியாகத் தொடங்கி, போகப்போக ஓர் அசல் நகரமாகவே நிமிர்ந்துவிட்டது. யாரிடம் போனாலும், இவர் எதிலிருந்து தொடங்கினார் என்று தேடிப் பாருங்கள்.

உலகத்தைப் படைத்தவர் தவறே செய்ய மாட்டார் என்று நினைக்கவும் வேண்டாம். லெ குவின் ஒரு காரியத்தைத் தெரிந்தே செய்தார். கெட் செம்பழுப்பு நிறத்தவன், வெட்ச் கறுப்பன், வெள்ளைத் தோல்காரர்கள் கிழக்கிலிருந்து வந்து கொள்ளையடிக்கும் கார்க் மக்கள். இதை முதல் பக்கத்திலேயே பறைசாற்றாமல், வாசகர் கெட்டோடு ஒன்றிய பிறகு மெல்லத் தெரியவைத்தார். 2004-ல் தொலைக்காட்சித் தொடராக எடுத்தவர்கள் கெட்டாக ஒரு வெள்ளையரை நடிக்க வைத்தபோது கடுமையாக எதிர்த்து எழுதினார். ஆனால் தன் உலகத்தில் பெண்களின் இடத்தைப் பற்றி அவர் முதலில் யோசிக்கவில்லை. ரோக் பள்ளியில் ஆண்கள் மட்டும்தான். பெண்கள் செய்யும் மந்திரம் பலவீனமானது, பொல்லாதது என்று கெட் பிறந்த காண்ட் தீவில் பழமொழியே இருக்கிறது. 1971-ல் வந்த இரண்டாம் நாவலில் தெனார் என்ற பெண்ணை நடுவில் வைத்தார்; சின்ன வயதிலேயே பெயரைப் பறித்து, இருட்டுக் கல்லறைகளுக்குப் பூசாரியாக்கப்பட்டவள். ஒளி கொண்டுபோகவே கூடாத அந்தக் குகையில் திருட வந்த ஒருவனின் கைத்தடி வெளிச்சத்தில், தான் தடவித் தடவியே அறிந்திருந்த சுவர்கள் படிகமாக மின்னுவதை அவள் முதன்முதலாகப் பார்க்கும் இடம், எனக்கு வெட்சின் காட்சிக்கு அடுத்தபடி. மூன்றாம் நாவல் 1972-ல். அதன் பிறகு நீண்ட மௌனம்.

நான்காவது நாவல் 'தெஹானு' 1990-ல்தான் வந்தது. போட்ட சட்டம் எதையும் அவர் அழிக்கவில்லை. அதே தீவு, அதே பழமொழி. பார்க்கிற இடத்தை மட்டும் மாற்றினார். கோபுரத்திலிருந்து இறங்கி அடுப்படியில் உட்கார்ந்து அதே உலகத்தைப் பார்த்தார். தெனார் இப்போது நடுவயதுக் கைம்பெண், பண்ணை வைத்திருப்பவள், தீயில் எரிக்கப்பட்ட ஒரு குழந்தையை வளர்ப்பவள். சாகசம் எதிர்பார்த்த பழைய வாசகர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு இதுதான் ஆறு புத்தகங்களிலும் பெரியது. ஆனால் இதிலிருந்து தொடங்காதீர்கள். வெளிவந்த வரிசையிலேயே போங்கள், முதல் புத்தகம் சின்னதுதான். ஊர்ப் பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, வரைபடத்தை அவ்வப்போது புரட்டிப் பார்த்தால் போதும். நிழல் என்றால் மரணமா, அகங்காரமா என்று உடனே அர்த்தம் தேடிப் பூட்டிவிடாதீர்கள். முதல் வாசிப்பில் அது நிழலாகவே துரத்தட்டும்.

நான்காம் நாவலில் கெட் திரும்பி வருகிறான். உலகத்தைக் காப்பாற்றும் வேலையில் இருந்த சக்தி முழுவதையும் செலவழித்துவிட்டு, வெறும் மனிதனாக. பார்க்க வருகிற அரசனின் ஆட்களைக்கூடச் சந்திக்க வெட்கப்பட்டு மலைமேல் ஏறிப் போய்விடுகிறான். அங்கே அந்தக் கோடை முழுக்க அவன் செய்யும் வேலை ஆடு மேய்ப்பது. எந்த மந்திரச் சொல்லும் இல்லாமல்.